ஓடைக்கு எந்தப் பக்கம் யாருடைய காசு

பிரதேச சபையில் எனக்கு எழுதுவினைஞர் வேலை கிடைத்த நாளில் எங்கள் லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பொங்கல் வைத்தார்கள். நம்ம பிள்ளை ஒன்று உள்ளே உட்கார்ந்துவிட்டால் இனி நம் மனுக்கள் குப்பைக்குப் போகாது என்று எல்லோரும் நம்பினார்கள். நானும் நம்பினேன். அந்த மனுக்களுக்கெல்லாம் "இயலாது" என்று மரியாதையாகப் பதில் எழுதுவதுதான் என் வேலையாக இருக்கும் என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்?

எங்கள் தேயிலைத் தோட்டம் அக்கரப்பத்தனைப் பக்கம். மேல் பிரிவு லயங்களுக்கும் பாடசாலைக்கும் நடுவே ஓர் ஓடை ஓடுகிறது. அதன்மேல் வெள்ளைக்காரன் காலத்து இரும்புப் பாலம் ஒன்று இருந்தது. ஒரு ஐப்பசி மழை அதைப் பிடுங்கிக்கொண்டு போனது. ரோட்டைச் சுற்றிப் போனால் பாடசாலைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் நடக்க வேண்டும். ஆகவே லயத்து ஆட்கள் இரண்டு டர்பன்டைன் மரங்களை வெட்டிக் குறுக்கே போட்டார்கள். பிள்ளைகள் சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கடந்தார்கள். தை மாதம் பனியில் நனைந்த மரத்தில் என் அண்ணன் மகள் வழுக்கிக் கீழே பாறையில் விழுந்தாள். வலது கை முறிந்தது. அரசாங்கத்தின் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த பிள்ளை.

அண்ணன் கொழும்பில் ஒரு கடையில் வேலை. வீட்டைப் பார்ப்பதும் கொழுந்து பறிப்பதும் அண்ணிதான். பிள்ளையின் கைக்கு மாவுக்கட்டுப் போட்ட மறுநாளே அண்ணி லயம் லயமாகப் போய்க் கையெழுத்து வாங்கி, சபைக்கு ஒரு மனு அனுப்பினார். அது என் மேசைக்கே வந்தது.

நான் அதை எடுத்துக்கொண்டு செயலாளரிடம் ஓடினேன். அவர் கொத்மலைக்காரர், சிங்களவர், ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. நல்ல மனிதர். மனுவை முழுதாக வாசித்தார்.

"நங்கி, முன்பு தோட்டத்துக்குள் நாம் ஒரு கல்லைக்கூட வைக்க முடியாது. இப்போது சட்டத்தை மாற்றிவிட்டார்கள், தோட்ட நிர்வாகம் சம்மதித்தால் வைக்கலாம்," என்றார் சிங்களத்தில், என்னைத் தங்கச்சி முறை வைத்து. "ஆனால் கல் வாங்கக் காசு யார் தருவார்கள்? சட்டத்தை மாற்றினார்கள், அதற்கான காசை அனுப்ப மறந்துவிட்டார்கள்."

அவர் சொன்னது பொய்யில்லை. டவுன் கடைகளின் வரி, சந்தைக் குத்தகை, தோட்டங்கள் கட்டும் சொற்ப ஏக்கர் வரி, மாகாணம் சேர்த்துத் தரும் முத்திரைத் தீர்வை. இவ்வளவுதான் எங்கள் வருமானம். குப்பை லொறிக்கு டீசல் அடிக்கவே அது போய்விடும். மனுவை மாகாணத்துக்கு அனுப்பச் சொன்னார். மனுதாரருக்கு ஒரு பதில் போடச் சொன்னார். நான் எழுதினேன்: "தங்கள் கோரிக்கை எமது சபையின் நிதி வரம்புக்குள் அடங்காமையால் உரிய அதிகாரிகளுக்கு அனுப்பப்பட்டுள்ளது என்பதைத் தயவுடன் அறியத்தருகிறேன்." செயலாளருக்காக என்று போட்டு நானே கையெழுத்தும் வைத்தேன்.

நாலாம் நாள் காலை அண்ணி எங்கள் சபைக் கந்தோருக்கு வந்துவிட்டார். வரிசையில் நின்று, முறை வந்ததும் கடிதத்தை என் முன்னால் விரித்தார்.

"மிஸ், இது நீங்க எழுதினதா?"

"அண்ணி, உள்ள வாங்க, உட்காருங்க."

"இல்லங்க மிஸ், நா இங்கேயே நிக்கிறேன். இன்னைக்கு ஒரு நாள் பேரை, கூலியை விட்டுட்டு வந்திருக்கேன். இந்த 'நிதி வரம்பு'ன்னா என்னன்னு மட்டும் சொல்லுங்க, போயிர்றேன்."

வரிசை முழுவதும் எங்களைப் பார்த்தது. வரி எல்லாம் கொழும்புக்குப் போகிறது, அங்கிருந்து மாகாணத்துக்கு ஒரு பங்கு வரும், மாகாணத்திலிருந்து எங்களுக்கு வரும் என்று நான் தாழ்ந்த குரலில் விளக்கினேன்.

"நாங்க வரி கட்டுறமா இல்லையா?"

"கட்டுறீங்கதான் அண்ணி. பால்மா, சீனி, சவர்க்காரம், போன் கார்ட், எல்லாத்துலயும் இருக்கு."

"அப்போ சரி. கடைக்காரர் பால்மா குடுக்கையில நீ எந்தச் சபை, எந்த மாகாணம், தோட்டமா கிராமமான்னு கேக்கிறாரா? கேக்கல்ல. காசை எடுக்கையில எல்லாரும் ஒரே நாடு. குடுக்கையில மட்டும் ஓடைக்கு அந்தப் பக்கம் வேற, இந்தப் பக்கம் வேற. அப்படித்தானே?"

பின்னால் நின்ற ஒரு முஸ்லிம் பெரியவர், டவுனில் இரும்புக்கடை வைத்திருப்பவர், "சரியாத்தான் கேக்குறாங்க," என்றார். அண்ணி கடிதத்தை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார். அன்று முழுவதும் கோபமாகவே இருந்தேன். அவர் மேல் கோபமா, என் மேல் கோபமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அடுத்த மாதம் லீவு போட்டு அண்ணியையும் கூட்டிக்கொண்டு கண்டிக்குப் போனேன். மூன்று பஸ். மாகாணக் கந்தோரில் எங்களைச் சந்தித்த பொறியியலாளர் யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும். ஒரு தமிழரைக் கண்டதும் அண்ணியின் முகம் கொஞ்சம் தெளிந்தது. அவர் தன் கதிரையை எடுத்து அண்ணிக்குப் போட்டார்.

"நீங்கள் சொல்லுறது எனக்கு நல்லா விளங்குது அம்மா," என்றார். "ஆனா எங்களிட்ட காசு இல்லை. முந்தி மாகாணம் தானே ஒரு வியாபார வரி எடுத்தது. பிறகு அதைக் கொழும்பு எடுத்துக்கொண்டு, உங்கட பங்கை நாங்கள் தருவம் எண்டு சொன்னது. தாற பங்கு சம்பளத்துக்கே சரி. மிச்சத்துக்கு அவையள் எப்ப அனுப்பீனமோ அப்பதான் வேலை."

"எப்ப அனுப்புவாங்க சார்?"

"அது தெரிஞ்சா நான் ஏன் இதில இருக்கிறன்?"

அவர் எரிச்சலில்தான் சொன்னார், எங்களைச் சினந்து அல்ல. ஆனால் அண்ணிக்கு அந்தத் தமிழ் பாதிதான் பிடிபட்டது. வெளியே வந்ததும், "அவரு திட்டினாரா, ஆறுதல் சொன்னாரா?" என்று என்னைக் கேட்டார். இரண்டும்தான் என்றேன். பஸ் ஸ்டாண்டில் பிளேன்டீ குடித்துவிட்டுத் திரும்பினோம்.

அந்த வருடம் முழுவதும் கோப்பு மேலும் கீழுமாக நடந்தது. தோட்டத்தை நடத்தும் துரையின் சம்மதக் கடிதம் வேண்டும் என்றார்கள். துரை, கம்பனியைக் கேட்க வேண்டும் என்றார். கம்பனி, நிலம் அரசாங்கத்துடையது, நாங்கள் குத்தகைக்காரர்கள்தான் என்று எழுதியது. அரசாங்கத்தைக் கேட்டால், அது மாகாணத்தின் வேலை என்றார்கள். ஒவ்வொரு கடிதத்தையும் நான்தான் கோப்பில் நூல் போட்டுக் கட்டினேன். கோப்பு பருத்தது. ஓடையில் மரம் மட்டும் அப்படியே கிடந்தது.

மார்கழி தொடங்கியதும் ஒரு நாள் செயலாளர் என்னைக் கூப்பிட்டார். பாலத்துக்குப் பணம் வந்துவிட்டது! கொழும்பிலிருந்து மாகாணத்துக்கு, மாகாணத்திலிருந்து எங்களுக்கு. நான் கைதட்டப் போனேன். அவர் கையை உயர்த்தித் தடுத்து, கூடவே வந்த சுற்றறிக்கையை நீட்டினார். வருடம் முடிவதற்குள் செலவழிக்காவிட்டால் பணம் திரும்பிப் போய்விடும். பதிவேட்டில் இருக்கும் வீதியோரத்தில் மட்டுமே கட்டலாம். தோட்டத்தின் உட்பாதை எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

"அப்படியென்றால் எங்கே சேர் கட்டுவது?"

வரைபடத்தில் விரலை வைத்துக் காட்டினார். ஓடை கீழே இறங்கிப் பெரிய வீதியைத் தொடும் இடம். பிள்ளைகள் கடக்கும் இடத்திலிருந்து அரை மைல். லயத்திலிருந்து அந்த இடத்துக்குப் பாதையே கிடையாது, மானாப் புல்லும் சரிவும்தான்.

"அங்கே யாரும் கடப்பதில்லை சேர்!" என் குரல் உயர்ந்துவிட்டது. வேலைக்குச் சேர்ந்து அவரிடம் நான் சத்தம் போட்டது அன்று ஒருமுறைதான். "யாரும் நடக்காத இடத்தில் பாலம் எதற்கு?"

"இங்கே கட்டினால் ஒரு பாலம். கட்டாவிட்டால் பணம் திரும்பிப் போகும், அடுத்த வருடம் 'இவர்களுக்குச் செலவழிக்கத் தெரியாது' என்று இன்னும் குறைப்பார்கள். எதை எழுதட்டும், நீயே சொல்."

அவர் எழுதினார். நான் தட்டச்சு செய்தேன்.

மழைக்குள் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு கொன்கிரீட் போட்டார்கள். பாலம் அழகாகத்தான் வந்தது. இரண்டு பக்கமும் கைபிடி, நீல வர்ணம். திறப்பு விழாக் கல்லில் யார் பெயர் மேலே வருவது என்று மத்தியும் மாகாணமும் சபையும் இரண்டு நாள் போனில் சண்டை பிடித்தன. பாலத்தை இடம் மாற்ற ஒரு மணி நேரம் ஒதுக்க முடியாதவர்களுக்கு அதற்கு நேரம் இருந்தது. விழாவுக்கு நாதஸ்வரம் வந்தது, பால்சோறு வந்தது. தோட்டத்திலிருந்து பத்துப் பேர் வந்தார்கள். அண்ணி வரவில்லை. மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார். அங்கிருந்து பார்த்தால் நீல வர்ணம் நன்றாகத் தெரியுமாம்.

அதற்குப் பிறகு ஒரு தீர்மானம் எடுத்தோம். நான் போய்க் கேட்டேன், அண்ணி இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சரி என்றார். அண்ணியின் மகளை டவுனில் நான் தங்கும் அறைக்குக் கூட்டிவந்து, டவுன் பாடசாலையில் சேர்த்தேன். பாலத்தைப் பிள்ளையிடம் கொண்டுவர மூன்று அரசாங்கத்தாலும் முடியவில்லை. பிள்ளையைத் தூக்கி இடம் மாற்ற ஒரு பையும் ஒரு பஸ் டிக்கெட்டும் போதுமாக இருந்தது. அவள் பரீட்சையில் நன்றாகத்தான் செய்தாள். கை மட்டும் மழைக்காலத்தில் வலிக்கிறது என்கிறாள்.

ஆனால் லயத்தில் மற்றப் பிள்ளைகளுக்கு டவுனில் அத்தை இல்லை. அவர்கள் இன்றும் மரத்தின் மேல்தான் போகிறார்கள். நீலப் பாலத்துக்கு லயத்திலிருந்து ஒரு நடைபாதை வெட்டித் தரும்படி புதிய மனு ஒன்றை நானே எழுதி, அண்ணியிடம் கையெழுத்து வாங்கப் போனேன். அவர் முதல் ஆளாகப் போட்டுவிட்டுப் பேனாவைத் திருப்பித் தந்தார்.

"இதுக்கு என்ன பதில் எழுதுவீங்கன்னு இப்பவே யோசிச்சு வச்சுக்கம்மா," என்றார். "போன தடவை எழுதினது எனக்கு விளங்கவே இல்ல. இந்தத் தடவையாவது விளங்குற தமிழ்ல எழுது."

கேலி செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. அவர் உண்மையாகத்தான் கேட்டார்.