மலை எழுந்து நடக்கும் சத்தம்

நான் எழுதிய மலை கடலைப் பார்க்க ஆசைப்பட்டது. பிறந்ததிலிருந்து ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறோமே, உச்சியிலிருந்து பார்த்தால் தூரத்தில் ஒரு நீலக் கோடு தெரிகிறதே, அது என்னவென்று கிட்டே போய்ப் பார்ப்போம் என்று ஒரு நாள் எழுந்து நடக்கத் தொடங்கியது. அதன் முதுகிலிருந்த மரங்களும் குரங்குகளும் ஒரு சிறுமியும் கூடவே போனார்கள். சென்னையிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு சிறுவர் மாதப் பத்திரிகையில் அது தொடராக வெளியாயிற்று. திருவனந்தபுரத்தில், கரமனை அக்ரகாரத்தில், அண்ணா வீட்டு மச்சு அறையில் உட்கார்ந்து அதை எழுதினேன்.

அப்போது எனக்கு வயது இருபத்தாறு. கல்யாணம் ஆகவில்லை. பெண்ணுக்கு இனி ஆகாது என்று வீட்டில் ஒருவாறு முடிவுக்கு வந்து அந்தப் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். அது எனக்கு வசதியாகவே இருந்தது. காலையில் தெருவில் சில வீடுகளில் பெண்களுக்கு வயலின் சொல்லிக்கொடுப்பேன். வானொலி நிலையத்தில் பாட்டுக்குப் பக்கவாத்தியம் வாசிக்கவோ நாடகத்துக்கு நடுவே இசை சேர்க்கவோ ஆள் வேண்டுமென்றால் நிலையத்து ப்யூன் சைக்கிளில் வந்து சொல்லிவிட்டுப் போவார். நிரந்தர வேலை என்று எதுவும் இல்லை. மிச்ச நேரமெல்லாம் கதை. சில நாட்கள் இரண்டும் மோதிக்கொள்ளும். அத்தியாயத்தைத் தபாலில் சேர்க்க வேண்டிய அன்றுதான் சைக்கிள் மணி கேட்கும். பஸ்ஸில் மடியில் வயலின் பெட்டியைப் படுக்கவைத்து, அதன் மேல் காகிதத்தை வைத்து எழுதியிருக்கிறேன். அந்தப் பக்கங்களில் என் மலை கொஞ்சம் அதிகமாகவே குலுங்கியிருக்கும்.

வீட்டில் அண்ணா, மன்னி, நான் என்று மூன்று பேர்தான். ஆரியசாலையில் ஒரு திருநெல்வேலிக்காரரின் பருப்பு மண்டியில் அண்ணா கணக்கெழுதினார். மன்னி என்னைவிட ஒரு வயது சின்னவள், நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்தவள். எழுதியதை முதலில் அவளுக்குத்தான் வாசித்துக்காட்டுவேன். அரிசி களைந்துகொண்டே கேட்பாள். நன்றாக இருக்கிறது என்று ஒருநாளும் சொன்னதில்லை. அந்தக் குரங்கு நேற்றிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லையே என்பாள். நான் திரும்ப மச்சுக்குப் போய்க் குரங்குக்கு ஒரு பலாப்பழம் எழுதிவிட்டு வருவேன். அந்த வருஷம் தெருவில் ஆண்கள் கூடினால் நாஞ்சில் நாடு எந்த ராஜ்யத்தோடு சேரும் என்பதே பேச்சாக இருந்தது. எங்கள் சமையலறையில் மலை எந்தப் பக்கம் திரும்பும் என்பது பேச்சாக இருந்தது.

நிலையத்தில் தமிழ் நிகழ்ச்சிகளும் கொஞ்சம் உண்டு. அதைப் பார்த்துக்கொண்டவர் ஒரு மலையாளி அதிகாரி. தமிழ் நன்றாக வாசிப்பார், பேசும்போது மட்டும் இரண்டு பாஷையும் கலந்துவிடும். தொடரை எங்கோ படித்திருக்கிறார். ஒரு நாள் ஒத்திகை முடிந்து நான் வில்லைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, இதை அரைமணி நேர நாடகமாக எழுதித்தர முடியுமா, இசையும் நீங்களே பார்த்துக்கொள்ளலாமே என்று கேட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரே வாரத்தில் எழுதிக்கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் மேஜைக்கு முன்னால் உட்கார்த்திவைத்தே முழுவதையும் படித்தார். பிறகு மூன்றாம் பக்கத்துக்குத் திரும்பி அங்கே விரலை வைத்தார்.

"மலை எணீச்சு நடக்குதுன்னு இருக்கு. நடக்கும்போ என்ன சப்தம் கேக்கும்? அது எழுதியிட்டில்லையே."

பத்திரிகையில் 'மலை எழுந்து நடந்தது' என்று எழுதினால் பக்கத்திலேயே படம் போட்டுவிடுவார்கள். அதற்கு மேல் ஒருவரும் கேட்டதில்லை, நானும் யோசித்ததில்லை. பெரிய தகரத்தகடு ஒன்று நிலையத்தில் இருக்கிறது, அதை ஆட்டினால் போதும் என்று அவரே சமாதானம் சொன்னார். ஆட்டியும் காட்டினார். அது இடி. மழை வரப்போகிறது என்று தோன்றியதே தவிர மலை வருகிறது என்று தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து மன்னியிடம் சொன்னேன். அன்றிலிருந்து எங்கள் இருவருக்கும் வேறு நினைப்பே இல்லாமல் போயிற்று. அம்மிக்குழவியை உருட்டிப் பார்த்தோம். அது அம்மிக்குழவியாகவே இருந்தது. ஈரப்புடவையை மடித்துச் சுவரில் அறைந்தோம். முறத்தில் புளியங்கொட்டையைப் போட்டுச் சுழற்றினோம். அது கடலுக்கு ஆகும் என்று மன்னி தனியாக எடுத்துவைத்தாள். ஒரு மத்தியானம் அண்ணாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகிற சாக்கில் இரண்டு பேரும் ஆரியசாலைக்குப் போனோம். அந்தச் சந்தில் இல்லாத பொருள் கிடையாது. எண்ணெய் டின், இரும்புச் சங்கிலி, காலிப் பீப்பாய், கொட்டைப்பாக்கு மூட்டை என்று ஒவ்வொரு கடை வாசலிலும் நின்று தட்டியும் உருட்டியும் பார்த்துக்கொண்டே வந்தோம். அண்ணாவின் முதலாளி கடைக்குள்ளிருந்து வெகுநேரம் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வெளியே வந்தார்.

"என்னம்மா தேடுதிய? வாங்கப் போறியளா, சும்மா தட்டிப் பாக்குதியளா?"

மலை நடக்கிற சத்தம் வேண்டும் என்று மன்னி அவரிடம் நேராகவே சொல்லிவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்து, சரக்கு வைக்கிற கிட்டங்கியில் மூட்டை அடுக்கு சரியும்போது அடிவயிற்றில் ஒரு சத்தம் கேட்கும், ஆனால் அதற்காக அடுக்கைச் சரிக்க முடியாதே என்றார். அண்ணா கணக்குமேஜையிலிருந்து தலையைத் தூக்கவேயில்லை. அன்று வீட்டுக்கு வந்ததும், இனிமேல் சாப்பாட்டை நானே காலையில் எடுத்துக்கொண்டு போகிறேன் என்றார்.

மலையைப் பற்றி மலையில்தான் கேட்க வேண்டும் என்று சொன்னவள் மன்னி. அவளுடைய சித்தப்பா பொன்முடியில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் ஹெட் கிளார்க்காக இருந்தார். சித்தியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அண்ணாவிடம் அனுமதி வாங்கினாள். துணைக்கு நான். விதுரை வரைக்கும் பஸ், அங்கிருந்து எஸ்டேட் லாரியில் டிரைவருக்குப் பக்கத்தில் இடம். கொண்டையூசி வளைவுகளில் மன்னி கண்ணை மூடிக்கொண்டாள். பயமா என்று கேட்டேன். பேசாதே, கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றாள்.

அன்று சாயங்காலம் முழுவதும் நாங்கள் சுற்றினோம். பாறையில் காதை வைத்துப் பார்த்தேன். என் ரத்தம் ஓடுகிற சத்தம்தான் கேட்டது. காற்று இருந்தது, ஆனால் காற்று காற்றாகத்தான் இருந்தது. தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களுக்குப் போனோம், கொழுந்து பறித்துவிட்டுத் திரும்பியிருந்த பெண்களிடம் கேட்டோம். பெரும்பாலும் தெற்கத்திப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். மழைக்காலத்தில் மண் சரிந்ததைப் பற்றி ஒருத்தி சொன்னாள். முதலில் நாய்கள் ஊளையிட்டன என்றாள் இன்னொருத்தி, அதெல்லாம் இல்லை என்றாள் அவளுடைய மாமியார். அவர்களுக்குள்ளேயே அது வாக்குவாதமாகிவிட்டது. தலையில் கட்டிய துணியை அவிழ்த்து உதறிக்கொண்டிருந்த ஒரு நடுவயதுக்காரி மட்டும் எங்களைத் திருப்பிக் கேட்டாள்.

"மலை எதுக்கும்மா நடக்கணும்? அதான் நாங்க நடக்கோம்லா."

எல்லோரும் சிரித்தார்கள், நாங்களும் சிரித்தோம். வெறுங்கையோடு சித்தப்பாவின் குவார்ட்டர்ஸுக்குத் திரும்பினோம்.

மறுநாள் விடியும்போது மன்னி என் தோளைப் பிடித்து உலுக்கினாள். பேசாதே என்று சைகை காட்டினாள். எனக்கு முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு சமையலறைப் பக்கமிருந்து மிக லேசாக, கொலுசு போட்ட ஒருத்தி நின்ற இடத்திலேயே நடுங்குவதுபோல ஒரு சத்தம். எழுந்து போய்ப் பார்த்தோம். சுவரில் அடித்திருந்த பலகையில் சித்தி டம்ளர்களை வரிசையாகக் கவிழ்த்து வைத்திருந்தாள். அவை ஒன்றோடொன்று உரசி நடுங்கிக்கொண்டிருந்தன. குடத்துத் தண்ணீரில் வட்ட வட்டமாக அலை. மேலே, குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருந்த தேயிலைத் தொழிற்சாலையில் எஞ்சினைப் போட்டு, இலை உருட்டும் மெஷினை ஓட்ட ஆரம்பித்திருந்தார்கள். மெஷின் சத்தம் பிறகுதான் காதில் விழுந்தது. டம்ளர் முதலில், மெஷின் அப்புறம். சித்திக்கு அது தினப்படி விஷயம். காபி போட எழுந்திருக்க எனக்கு இதுதான் கடிகாரம் என்றாள்.

மன்னி ஒரு டம்ளரின் மேல் விரலை வைத்தாள். அது அடங்கியது. எடுத்தாள், மறுபடி நடுங்கியது.

"மலை நடந்தா மலைக்கு என்ன சத்தம் கேக்கும்னு நாம தேடிண்டிருந்தோம், கேட்டயா. ஆத்துல இருக்கறவாளுக்கு என்ன கேக்கும்? இதாக்கும் கேக்கும்."

அந்த வாக்கியத்தை நான் எழுதியிருக்க வேண்டும் என்று தோன்றியது. பொறாமை இல்லை. இவ்வளவு நாள் என் மலையை நான் வெளியில் நின்றே பார்த்திருக்கிறேனே என்ற வியப்பு. அது நடந்துபோன வழியில் எத்தனை வீடுகள், எத்தனை பலகைகள், நான் ஒன்றுக்குள்ளும் நுழைந்ததில்லை.

திரும்பி வந்ததும் வீட்டிலிருந்த டம்ளர்களையெல்லாம் கூடத்தில் இறக்கினோம். பித்தளை கனமாக முனகியது. அப்போதுதான் புழக்கத்துக்கு வந்துகொண்டிருந்த எவர்சில்வர் கூர்மையாகக் கிணுகிணுத்தது. வெண்கலம் வெகுநேரம் அடங்காமல் இருந்தது. ஒரு பலகையைத் தலையணை மேல் போட்டு, அதன் விளிம்பில் முஷ்டியால் குத்தினால் டம்ளர்கள் நடுங்கும் என்று மன்னி கண்டுபிடித்தாள். மலை தூரத்தில் இருக்கும்போது ஒரே ஒரு டம்ளர். கிட்டே வர வர எண்ணிக்கை கூடும். நான் வயலினின் அடித்தந்தியைச் சுருதி போய் உறுமுகிற அளவுக்குத் தளர்த்திக்கொண்டு, ஒவ்வொரு குத்துக்கும் பின்னால் வில்லை மெதுவாக இழுத்தேன். ஒத்திகை நடந்த நாட்களில் மூன்று பேரும் ஒரே லோட்டாவில் மாறி மாறிக் காபி குடித்தோம்.

மன்னி நிலையத்துக்கு வரவேண்டும் என்றபோதுதான் அண்ணா வாயைத் திறந்தார். உனக்காவது வயலின் இருக்கிறது, இவளுக்கு அங்கே என்ன இருக்கிறது என்று என்னிடம் கேட்டார். பதில் அடுப்படியிலிருந்து வந்தது.

"எனக்கு டம்ளர் இருக்கு."

அண்ணா கூடத்திலிருந்த டம்ளர்களைப் பார்த்தார். பிறகு, பஸ்ஸில் கொண்டுபோனால் நசுங்கிவிடும், மண்டி வண்டியில் போகலாமா என்று கேட்கிறேன் என்றார்.

ஒத்திகையில் அதிகாரி ஸ்டூடியோவின் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். இரண்டு குத்து ஆனதும் கையைத் தூக்கி நிறுத்திவிட்டார். இது சமையலறை, என் மலை எங்கே என்றார். நான் சொல்லிப் பார்த்தேன், அவர் மசியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, இது உங்கள் வீட்டுச் சமையலறை என்று நினைத்துக் கேளுங்கள் என்று மன்னி சொன்னாள். முன்பின் தெரியாத ஒரு ஆணிடம் அவள் அப்படிப் பேசி நான் பார்த்ததில்லை. அவர் ஒருமாதிரி பார்த்துவிட்டுக் கண்ணை மூடினார். நாங்கள் முதலிலிருந்து வாசித்தோம். எல்லா டம்ளரும் நடுங்கி அடங்கியபின்னும் அவர் உடனே கண்ணைத் திறக்கவில்லை. தகரத்தகடு கடைசிக் காட்சிக்கு மட்டும் இருக்கட்டும் என்றார். அது அவர் விட்டுக்கொடுத்தது என்று எடுத்துக்கொண்டோம்.

அந்தக் காலத்தில் நாடகம் நேரடியாகவே போகும். சிவப்பு விளக்கு எரிந்துவிட்டால் தும்மக்கூட முடியாது. மலை ஊருக்குள் வருகிற இடத்தில் மன்னி கொஞ்சம் பலமாகக் குத்திவிட்டாள். ஓரத்திலிருந்த வெண்கல டம்ளர் பலகையிலிருந்து தாவி, விரிப்பைத் தாண்டிச் சிமெண்ட் தரையில் விழுந்து உருள ஆரம்பித்தது. எழுத்தில் அது இல்லை. அடுத்த வசனம் பேசவேண்டிய நடிகர் வாயைத் திறந்தபடி நின்றார். டம்ளர் ஸ்டூடியோவைச் சுற்றி உருண்டது, வேகம் குறைந்தது, தன்னைத்தானே சுற்றிக்கொண்டு ஒருவழியாகப் படுத்தது. மன்னியின் முகம் வெளுத்துவிட்டது. அதிகாரி கண்ணாடிக்குப் பின்னாலிருந்து விரலை ஆட்டினார், நடிகர் பேசினார், நாடகம் மேலே போயிற்று. முடிந்து வெளியே வந்ததும் மன்னி தன்னால் எல்லாம் கெட்டுப்போயிற்று என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

வீட்டுக்கு வந்தபோது அண்ணா வாசலிலேயே நின்றிருந்தார். எங்கள் தெருவில் வக்கீல் வீட்டில்தான் ரேடியோ. கூடத்தில் இருபது பேராவது உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள். டம்ளர் விழுந்த சத்தத்தில் வக்கீல் மாமி சட்டென்று எழுந்து, பூனை வந்துவிட்டது என்று சமையலறைக்குப் போய்விட்டாளாம். பின்னாலேயே இன்னும் இரண்டு மாமிகள். அங்கே ஒன்றும் இல்லை என்று அவர்கள் திரும்பி வந்து நிற்கும்போது, மலை தெருமுனைக்கு வந்துவிட்டது என்று ரேடியோவில் சிறுமி சொல்லியிருக்கிறாள். கூடத்தில் ஒருவரும் மூச்சுவிடவில்லை என்றார் அண்ணா.

"நீங்க என்ன பண்ணினேள்?" என்று மன்னி கேட்டாள்.

"நான் என்ன பண்ணுவேன். தெருமுனையைப் பாத்தேன்."

மன்னி அப்போதுதான் சிரித்தாள்.

அடுத்த மாதம் தொடரின் புது அத்தியாயத்துக்காகச் சென்னையில் காத்துக்கொண்டிருந்தார்கள். நான் மச்சில் உட்கார்ந்து பேனாவைத் திறந்திருந்தேன். வாசலில் சைக்கிள் மணி. எனக்கென்று நினைத்து இறங்கி வந்தேன். மலையாள நாடகம் ஒன்று போடுகிறார்கள், அதில் ஒரு கப்பல் பாறையில் மோதுகிறது, டம்ளர் அம்மாவை வரச்சொன்னார் சார் என்றார் ப்யூன். மன்னி ஈரக்கையோடு வந்து நின்று கேட்டுக்கொண்டாள். அவர் போனபிறகு என் பக்கம் திரும்பினாள்.

"நீ கப்பல்ல போயிருக்கியோ?"

இல்லை என்றேன். அவளும் போனதில்லை. கப்பல் வந்து நிற்கும் வலியதுறைக் கடல்பாலத்துக்குப் போனால் யாராவது போனவர்கள் இருப்பார்கள் என்றாள். நான் மச்சுக்குப் போய்ப் பேனாவை மூடிவைத்துவிட்டு வந்தேன்.