அரசாங்கம் பிடித்துத் தந்த லோயர்

பழைய வழக்குப் பட்டியலின் வெற்றுப் பக்கத்தில் எழுதிக்கொண்டிருக்கிறார் கமலாசனி. கண்டி மேல் நீதிமன்ற விறாந்தையில், உட்காரும் வாங்குப் பலகை. மடித்த கறுப்புக் கோட்டு மடியில். முடிந்த வழக்குகளின் பட்டியல் குப்பைக்குப் போகுமுன் காவலாளியிடம் கேட்டு வாங்கிவிடுவார். "இந்தத் தாளுக்கு என்ன குறை? ஒரு பக்கம் வெள்ளையாத்தானே கிடக்கு." ஐம்பதைத் தாண்டிய யாழ்ப்பாணத்துப் பெண். எண்பத்து மூன்று கலவரத்தில் குடியிருந்த வீடு எரிந்த பிறகும் கண்டியை விட்டுப் போகவில்லை. ஏன் என்று கேட்டால், "அடுத்த கிழமை ஒரு வழக்குத் தவணை இருந்தது" என்பார்.

எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, லோயர் வைக்க வசதியில்லாவிட்டால் அரசாங்கச் செலவில் நீதிமன்றமே ஒரு சட்டத்தரணியை நியமிக்கும். நீதிபதி அதற்கு ஆள் தேடும்போது மற்றவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள். இவர் எழுந்து நிற்பார். விசாரணை நடந்த நாளுக்கு மட்டுமே படிக்காசு. தவணை போட்டு ஒத்திவைத்தால் இல்லை, சிறைக்குப் போய் எதிரியைப் பார்த்தால் இல்லை. நடந்த நாளுக்கும் பதிவாளரின் கையெழுத்தோடு வவுச்சர் எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். "வயித்துப் பிள்ளை மாதிரி. பத்து மாசம் பொறுக்கோணும்" என்று சிரிப்பார்.

நான் அதே நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளன். சிங்களத்தில் நடப்பதை எதிரிக்குத் தமிழில் சொல்வது என் வேலை. கமலாசனி எதிரிகளோடு பேசும் விதம் எனக்கு எரிச்சலூட்டும். "ராசா, சாப்பிட்டியா? ஆர் பாக்க வந்தது?" என்று தொடங்கினால், வழக்குக்கு வர அரைமணி நேரம் ஆகும். ஆனால் எப்பேர்ப்பட்ட ஊமையும் அதற்குள் பேசத் தொடங்கிவிடுவான்.

தொண்ணூற்றாறில், மாணிக்கவேலிடம் அந்த வித்தை பலிக்கவில்லை. மடுல்கெல்லப் பக்கத் தேயிலைத் தோட்டத்துப் பையன், இருபத்து மூன்று வயது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்து மூன்று வருடமாக உள்ளே. ஒரு செவ்வாய்க்கிழமை கண்டி பஸ் நிலையத்தில் வெடிமருந்துப் பொதியைக் கைமாற்றினான் என்பது குற்றச்சாட்டு. சாட்சியம் என்று இருந்தது அவன் கையெழுத்திட்ட சிங்கள வாக்குமூலம் மட்டும். அவனுக்கோ சிங்களம் வாசிக்கத் தெரியாது. கமலாசனி ஐந்து தடவை சிறைக்குப் போனார். "அந்தச் செவ்வாய் எங்க நிண்டனி, ராசா?" ஐந்து தடவையும் அவன் தலையைக் குனிந்துகொண்டு, "ஞாபகமில்லீங்க" என்றான். அடித்து வாங்கிய வாக்குமூலம் என்று மன்றில் மூச்சைப் பிடித்து வாதாடினார். அடிபட்டவன் எதிரிக் கூட்டில் ஏறி நின்றும் வாயைத் திறக்கவில்லை. விசாரணை இரண்டே நாளில் முடிந்தது. அவனுக்குப் பத்து வருடக் கடூழியச் சிறை, கமலாசனிக்கு இரண்டு நாள் படி. தீர்ப்பை அவனுக்குத் தமிழில் சொன்னவன் நான்.

மறுநாள் காலை அவனுடைய தாய் அங்கம்மா விறாந்தைக்கு வந்தார். அழவில்லை.

"லோயரம்மா, காசு குடுத்து வைக்கிற லோயர் ஒருத்தர காட்டுங்க. சீட்டுப் புடிச்சுக் கொஞ்சம் சேத்திருக்கேன். அவருகிட்ட ஒரு துண்டு குடுக்கணும்."

"என்ன துண்டு?"

தயங்கித் தயங்கி விரித்துக் காட்டினார். கையில் கொடுக்கவில்லை. தோட்ட ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த துண்டுச்சீட்டு அது. தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி காலில் பட்டு மாணிக்கவேலுக்கு ஒன்பது தையல். மூன்று நாள் வார்ட்டில் படுக்கை. குற்றச்சாட்டில் சொன்ன அதே கிழமை, திங்கள் முதல் புதன் வரை.

கமலாசனி எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். கோட்டு நிலத்தில் விழுந்தது, அவர் கவனிக்கவில்லை.

"இது மூண்டு வருசமா உங்களிட்டையே இருந்தது?"

"ஆமாங்க. அந்தம்மாகிட்ட வாயத் தொறக்காதன்னு நாந்தான் அவன்கிட்ட சொல்லி வச்சேன். ஒங்களுக்குக் காசு குடுக்கிறது அரசாங்கந்தானாமே. புடிச்சதும் அரசாங்கம், அடைச்சதும் அரசாங்கம். ஒங்க கையில குடுத்தா துண்டு அவுங்ககிட்ட போயிரும்னு பயந்துட்டோம். வழக்கு இன்னும் ரெண்டு வருசம் இழுக்கும், அதுக்குள்ள சொந்தமா ஒரு லோயர் வச்சிரலாம்னு நெனச்சேன்."

திட்ட வாயெடுத்தேன். எந்த முகத்தோடு திட்டுவது? அரசாங்கக் கந்தோர்க்காரர் எவரையாவது நம்பி அந்தப் பெண்ணுக்கு ஒரு நன்மை நடந்திருக்கிறதா? எனக்கும் அரசாங்கச் சம்பளம்தான்.

"பதினாலு நாளுக்குள்ள அப்பீல் போடோணும்." கமலாசனி கோட்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். "அப்பீல் கோட்டில இதை எடுப்பினமோ எண்டு உறுதி சொல்ல மாட்டன். நான் எழுதுறன். துண்டைத் தாங்கோ."

அங்கம்மா துண்டை மடித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டார். "அப்பவும் அரசாங்கந்தானேம்மா ஒங்களுக்குக் குடுக்கும்?"

நீதிமன்றம் நியமித்த வழக்கில் எதிரி வீட்டுக் காசைச் சட்டத்தரணி தொடக்கூடாது. தொட்டது தெரிந்தால் தொழிலே போய்விடும். நீதிமன்ற ஊழியனான நான் எதிரிலேயே நின்றேன். கமலாசனி என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அங்கம்மாவின் முன்னால் வலது கையை நீட்டினார்.

"அஞ்சு ரூபா தாங்கோ."

அங்கம்மா சுருக்குப் பையை அவிழ்த்து, ஒரு நாணயத்தை எடுத்து அந்த உள்ளங்கையில் வைத்தார். அதன்மேல் துண்டை வைத்தார்.