நடுக்குளத்தில் நின்ற எஞ்சின்

மங்கலத்தில் தறிச் சத்தம் கேட்காத தெரு கிடையாது. சாரதாமணியின் டூவீலர் ஒர்க்‌ஷாப் இருக்கும் தெருவில் இரண்டு பக்கமும் தறிக்குடோன்கள்தான். அந்த இரைச்சலுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு, ஸ்கூட்டரின் டேங்குக்குள் பெட்ரோல் பம்பு ஓடுகிறதா இல்லையா என்று காதை வைத்தே சொல்லிவிடுவார். என் வண்டிக்கும் அப்படித்தான். சீட்டைத் தூக்கிக் குனிந்து, ஒரு நொடி கண்ணை மூடியிருந்துவிட்டு, "பம்பு போச்சுங்க" என்றார். கழற்றிப் பார்த்தால் பம்புதான்.

நாற்பத்தாறு வயது. புடவைக்கு மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை போட்டிருப்பார். பத்தொன்பதாவது வயதில் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தையல் மிஷினில் உட்கார்ந்தவர். மிஷின் நின்றுபோனால் மெக்கானிக் வரும்வரை சும்மா இருக்க வேண்டும். அது அவருக்கு ஆகவில்லை. ஒருநாள் தானே கழற்றிப் பார்த்தார். சூப்பர்வைசர் சத்தம் போட்டார், ஆனால் மிஷின் ஓடிவிட்டது. கொஞ்ச நாளில் பக்கத்து லைன்காரர்களும் மெக்கானிக்கை விட்டுவிட்டு இவரைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். பிறகு கார்புரேட்டர் போய், கம்ப்யூட்டர் பெட்ரோலை அளந்து விடுகிற வண்டிகள் வந்தன. பழைய மெக்கானிக்குகள் பலர் அதைத் தொடத் தயங்கிய நேரத்தில், இவர் கோயம்புத்தூர் போய் ஆறு வாரம் படித்துவிட்டு வந்து கடை போட்டார். கணவர் மகுடேஸ்வரன் தறி ஓட்டுகிறவர். முப்பது வருட இரைச்சலில் காது மந்தமாகிவிட்டது. "நான் சொல்றது அவருக்குப் பாதிதான் கேக்கும். மீதிய அவரே யோசிச்சுக்குவாருங்க" என்று சொல்லிச் சிரிப்பார்.

போன ஐப்பசியில் ஒரு காலை இவருக்கு நடந்ததைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன்.

ஊருக்குக் கிழக்கே ஒரு பெரிய குளம் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்ளும் குழுவை நடத்துகிறவர் கீதாஞ்சலி என்ற பெண். குளத்தில் பாதியை ஆகாயத்தாமரை மூடிவிட்டது. அதை அள்ளிக் கரைக்கு இழுத்துவர ஒரு படகு வைத்திருந்தார்கள். ஐந்து மாதம் சும்மா கிடந்த படகின் எஞ்சின் இப்போது ஸ்டார்ட் ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை இருநூறு பேர் வேலைக்கு வருவதாக ஏற்பாடு. படகு எஞ்சின் பார்க்கிறவர்கள் எல்லாம் கடற்கரை ஊர்களில்தான் இருக்கிறார்கள். யாரும் உடனே வருவதாக இல்லை.

"ஏனுங்க்கா, உங்களுக்குப் படகு எஞ்சின் பாக்கத் தெரியுமுங்களா?" என்று போனில் கேட்டார் கீதாஞ்சலி.

"படகையே நான் கிட்டத்துல பாத்ததில்லீங்க கண்ணு."

"இதும் உங்க ஸ்கூட்டர் மாதிரி கம்ப்யூட்டரே பெட்ரோல் அளந்து விடற எஃப்.ஐ. எஞ்சின்தானுங்க்கா."

"அப்படீன்னா காலைல வெள்ளனே வர்றனுங்க."

ஆறு மணிக்கு அவர் போய்ச் சேர்ந்தபோது குளம் இருப்பதே தெரியவில்லை. கரை முடிந்த இடத்தில் வெள்ளையாகப் பனி நின்றது. அதற்குள்ளிருந்து தண்ணீர் மெல்ல வந்து வந்து கல்லைத் தொட்டுவிட்டுப் போனது. படகு பாதி பனிக்குள் கட்டியிருந்தது. படகு ஓட்டும் பெரியகருப்பன் அதன் பக்கத்தில் முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தார். சிவகங்கைப் பக்கத்துக்காரர், நாற்பது வயது இருக்கும். சாயப்பட்டறையில் பல வருடம் இருந்துவிட்டு, இந்த வேலைக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகிறது.

"எனக்கு ஓட்டத்தான் தெரியும்க்கா. ரெண்டு நாள் சொல்லிக் குடுத்தாங்க. உள்ள என்ன இருக்குன்னு கடவுளுக்குத்தான் வெளிச்சம்" என்றார்.

சாரதாமணி ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு படகில் காலை வைத்தார். அது அசைந்தது. கீழே உள்ள தரை தன் கனத்துக்கு இடம்கொடுத்து நகர்வது அவருக்குப் புதிது. கொஞ்ச நேரம் குனிந்தபடியே நின்றார்.

பிறகு வேலை. ஓட்டுகிறவர் தவறி விழுந்தால் எஞ்சினை நிறுத்துவதற்கென்று ஒரு சிவப்புக் கயிறு இருந்தது. அது சரியாக மாட்டியிருந்தது. கியர் நியூட்ரலில் இருந்தது. "சாவியத் திருப்புங்க தம்பி. ஸ்டார்ட் பண்ண வேண்டாம், பாதி திருப்பினாப் போதும்." பெரியகருப்பன் திருப்பினார். எஞ்சினுக்குள்ளிருந்து தேனீ முனகுவது போல ஒரு சத்தம் இரண்டு நொடி கேட்டு நின்றது. பம்பு உயிரோடு இருக்கிறது. பெட்ரோல் ஃபில்டரின் கிண்ணத்தைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். அடியில் தண்ணீர் தனியாகத் தேங்கி, உருண்டு உருண்டு நின்றது.

"இப்ப வர்ற பெட்ரோல்ல எத்தனால் கலக்கறாங்க தம்பி. காத்துல இருக்கற ஈரத்தை அது இழுத்துக்கும். அஞ்சு மாசம் குளத்து மேல கெடந்தா வேறென்ன ஆகும்?"

பழைய பெட்ரோலை முழுக்க வடித்தார்கள். எஞ்சினுக்குள் தேங்கியிருந்ததையும் எடுத்தார்கள். குழுவிடம் பிரிக்காத புது டேங்க் ஒன்று இருந்தது. சிவப்பு பிளாஸ்டிக் டேங்க். அதில் புதுப் பெட்ரோல் ஊற்றி, ரப்பர் குழாயைச் செருகினார்கள். குழாயின் நடுவே முட்டை வடிவில் ஒரு ரப்பர் பந்து இருந்தது. அதைக் கையால் அமுக்கி அமுக்கி விட்டால் பெட்ரோல் எஞ்சினுக்கு ஏறும். எட்டு ஒன்பது தடவை ஸ்டார்ட்டரைப் போட்ட பிறகு எஞ்சின் தும்மியது, இருமியது, ஓடியது.

கரையில் நின்ற கீதாஞ்சலி கை தட்டினார். "ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்க்கா!"

சாரதாமணிக்கு நீச்சல் தெரியாது. ஆனாலும் சரி என்றார். ஓட்டிப் பார்க்காமல் எந்த வண்டியையும் அவர் திருப்பிக் கொடுத்ததில்லை.

படகு பனிக்குள் நுழைந்தது. கரை மறைந்தது, பிறகு கரையில் இருந்த வேப்பமரம் மறைந்தது. பத்து நிமிடம் போயிருப்பார்கள். எஞ்சினின் குரல் கம்மியது. ஒரு தடவை ஏறி, இறங்கி, நின்றுபோனது.

பெரியகருப்பன் சாவியைத் திருப்பினார். சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடியும் திருப்பினார். மறுபடியும்.

"போதும் தம்பி, விடுங்க. பேட்டரி எறங்கிரும். துடுப்பு எங்கீங்க?"

அவர் தலையைச் சொறிந்தார். "கரையில தொடச்சு வச்சேன்க்கா. அங்கயே இருக்கு."

கீதாஞ்சலிக்குப் போன் போட்டார்கள். மீன் பிடிக்கிறவர்களின் பரிசல் அக்கரையில் இருக்கிறது, ஆளை எழுப்பி வரச் சொல்ல ஒன்றரை மணி நேரமாவது ஆகும் என்றார். பெரியகருப்பன் எழுந்து சட்டைப் பொத்தானில் கை வைத்தார்.

"நான் நீந்திப் போயி துடுப்ப எடுத்தாந்துர்றேன்க்கா. எங்கூருக் கண்மாயில அங்கிட்டும் இங்கிட்டும் நீந்துன ஆளுதான்."

"இந்தத் தாமரைக் கொடி காலைச் சுத்திக்குமுங்க. பேசாம உக்காருங்க. என்னையத் தனியா உட்டுட்டா போவீங்க?"

அவர் உட்கார்ந்துவிட்டார். படகு தானாக நகர்ந்தது. நகர்கிறதா, பனிதான் நகர்கிறதா என்று தெரியவில்லை.

சாரதாமணி எஞ்சின் மூடியைக் கழற்றியவர், கையை அதன்மேல் வைத்தபடி அப்படியே இருந்துவிட்டார். சத்தம் இல்லை. பிறந்ததிலிருந்து அவருக்குத் தறி கேட்காத ஒரு மணி நேரம் இருந்ததில்லை. தூக்கத்திலும் அது ஓடும். கம்பெனியில் இருநூறு மிஷின். கடையில் வண்டிகள். இங்கே ஒன்றுமே இல்லை. தூரத்தில் ஏதோ கம்பெனியின் ஷிப்ட் சங்கு ஊதியது, அதுவும் பஞ்சுக்குள் வைத்து ஊதியது போல. கூழைக்கடா ஒன்று பனிக்குள்ளிருந்து வந்து, இறக்கையை அசைக்காமல் படகின் பக்கத்திலேயே தாழ்ந்து போனது. அதன் இறகு காற்றைத் தொடும் ஓசை அவருக்குக் கேட்டது. பட்டுப்போன கருவேல மரங்கள் தண்ணீரில் பாதி மூழ்கி நின்றுகொண்டு ஒவ்வொன்றாக வந்தன, போயின. குளத்துக்கு அடியில் வேறொரு ஊர் இருந்து, அதன் மரங்களின் உச்சிகள் மட்டும் வெளியே தெரிவதாக அவருக்குத் தோன்றியது. தான் வந்து எத்தனை நேரமாயிற்று, எந்த வருடம் என்பதுகூட மனதில் நிற்கவில்லை.

"அக்கா, பயமா இருக்கா?" என்றார் பெரியகருப்பன்.

"இல்லீங்க தம்பி. எனக்கு எங்கியோ வந்துட்ட மாதிரி இருக்குது. கொஞ்ச நேரம் இப்படியே இருக்கலாமுங்களா?"

இருந்தார்கள். சூரியன் பனிக்குப் பின்னால் வெள்ளித் தட்டாக ஏறியது.

பிறகு சாரதாமணி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "சாவியப் பாதி திருப்புங்க" என்றார்.

பம்பு முனகியது. கரையில் கேட்ட முனகல் இல்லை இது. மெலிந்து, கீச்சென்று, வறட்டுச் சத்தமாக இருந்தது. தறிக்கு நடுவே கேட்டிருந்தால் இந்த வித்தியாசம் தனக்கே பிடிபட்டிருக்காது என்று பின்னால் சொன்னார். பம்பு வெறும் காற்றை மெல்லுகிறது. அப்படியென்றால் பெட்ரோல் வரவில்லை.

குழாயைத் தடவிக்கொண்டே போனார். நடுவில் இருந்த ரப்பர் பந்து கைக்குத் தட்டுப்பட்டது. உப்பி இருக்க வேண்டியது, யாரோ மிதித்தது போல ஒட்டிப்போய்க் கிடந்தது. எஞ்சின் இழுத்திருக்கிறது, டேங்க் கொடுக்கவில்லை. டேங்கில் பெட்ரோல் நிறைய இருக்கிறது. பிறகு ஏன்? டேங்கின் மூடியைப் பார்த்தார். மூடியின் உச்சியில் நகம் அளவுக்கு ஒரு திருகு. புது டேங்க் வந்தபோது இருந்தபடியே இறுக்கமாக மூடியிருந்தது.

இரண்டு விரலால் அதைத் திருகினார். டேங்க் ஒரு நீண்ட மூச்சை உள்ளே இழுத்தது. ஒட்டிக் கிடந்த ரப்பர் பந்து மெல்ல மெல்ல உப்பிப் பழைய உருவத்துக்கு வந்தது.

சாரதாமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஸ்கூட்டர் மூடி தானா மூச்சு உடுமுங்க தம்பி. இதுக்கு நாமதான் தொறந்து உடோணும்போல. காத்து உள்ள போகாம பெட்ரோல் எப்படி வெளிய வரும்? நாந்தான் பாக்காம உட்டுட்டேன்."

"இம்புட்டுத்தானாக்கா?"

ஆனால் அத்தோடு தீரவில்லை. பந்தைக் கல்லாக இறுகும்வரை அமுக்கிவிட்டுச் சாவியைத் திருப்பினால், 'டக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். காலையிலிருந்து போட்ட போட்டில் பேட்டரி சோர்ந்துவிட்டது. ஆனால் விளக்கு எரிந்தது, பம்பு முனகியது. கம்ப்யூட்டருக்கு வேண்டிய கரண்ட் இருக்கிறது. எஞ்சினைச் சுற்றிவிடத்தான் தெம்பில்லை. அப்படியென்றால் சுற்றுவதை நாம் செய்தால் போதும்.

எஞ்சினின் தலையில் கனமான சக்கரம் ஒன்று இருந்தது. அதன் விளிம்பில் முடிச்சு மாட்டுவதற்கென்றே ஒரு வெட்டு விட்டிருந்தார்கள். கயிறு சுற்றி இழுக்கலாம். கயிறுதான் இல்லை. சிவப்புக் கயிற்றைக் கழற்றினால் எஞ்சின் ஓடாது. படகைக் கட்டுகிற வடம் கட்டைவிரல் தடிமன், வெட்டுக்குள் போகாது. துடைக்க வைத்திருந்த பனியன் துணி வேஸ்ட்டை நீளமாகக் கிழித்து முறுக்கிப் பார்த்தார். இழுத்தபோது அது ரப்பராக நீண்டது, சக்கரம் அசையவில்லை.

"பனியன் துணி இழுத்தா நீளும்னு எனக்கே மறந்துபோச்சு பாருங்க. பத்தொம்பது வயசுலிருந்து தெச்சவ நான்" என்றவரின் கண் பெரியகருப்பனின் இடுப்பில் போய் நின்றது. அவர் போட்டிருந்தது எக்ஸ்போர்ட்டில் கழித்த டிராக் பேண்ட். இடுப்பில் பின்னல் நாடா ஒன்று தொங்கியது.

"தம்பி, தப்பா நினைச்சுக்காதீங்க..."

பெரியகருப்பனுக்குப் புரிந்தது. முகம் சிவந்துபோய், திரும்பி நின்றுகொண்டு நாடாவை உருவிக் கொடுத்தார். அதன் பிறகு ஒரு கையால் பேண்ட்டைப் பிடித்தபடியே இருந்தார்.

நாடாவின் ஒரு முனையில் முடிச்சு. மறு முனையில் ஸ்பேனரைக் கைப்பிடியாகக் கட்டினார். முந்தானையை இறுக்கிச் செருகி, சடையைக் கொண்டையாக முடிந்துகொண்டார். சுற்றுகிற சக்கரம் எதையும் விட்டுவைக்காது. சக்கரத்தில் ஒன்றரைச் சுற்றுச் சுற்றி, "சாவியப் போடுங்க" என்று சொல்லிவிட்டு, பின்னால் சாய்ந்து இழுத்தார். படகு ஆடியது. ஒன்றுமில்லை. இரண்டாவது தடவை ஒரு இருமல். மூன்றாவது தடவை நாடா கையோடு பறந்து வர, எஞ்சின் 'தடதட'வென்று பிடித்துக்கொண்டது. கருவேல மரத்தில் இருந்த நாரைகள் ஒன்றாக எழும்பின. சாரதாமணி பலகையில் தொப்பென்று உட்கார்ந்தார். கண்ணில் தண்ணீர் வந்திருந்தது. ஏன் வந்தது என்று அவருக்குத் தெரியவில்லை, துடைக்கவுமில்லை.

சாரதாமணி எஞ்சின் மூடியைப் பத்திரமாக மாட்டினார். பெரியகருப்பன் கீதாஞ்சலிக்குப் போன் போட்டு, பரிசல் வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கேட்டார்: "கரைக்கா அக்கா?"

பனி கலைந்து, குளத்தின் மறுகோடி தெரிந்தது. சாரதாமணி அதைக் கை நீட்டிக் காட்டினார்.

"அங்க வரைக்கும் போய்ட்டுப் போலாமுங்க தம்பி. பேட்டரியும் கொஞ்சம் ஏறட்டும்."

மெதுவாகத்தான் போனார்கள். ஆகாயத்தாமரையின் ஊதாப் பூக்கள் படகு வருவதற்கு வழிவிட்டு விலகி, போன பிறகு மறுபடி மூடிக்கொண்டன.

அந்த ஞாயிற்றுக்கிழமை படகு காலையிலிருந்து மாலைவரை நிற்காமல் ஓடியது. மூன்று வாரத்தில் குளத்தின் கிழக்குப் பாதி தெளிந்தது. சாரதாமணியால் அப்போது அதைப் போய்ப் பார்க்க முடியவில்லை. தீபாவளி நேரம், கடையில் வண்டிகள் வரிசைகட்டி நின்றன.

ஆனால் படகிலிருந்து இறங்கிய அன்று மதியம் கடையில் நடந்ததை என்னிடம் சொன்னார். ஒரு ஸ்கூட்டரைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறார். சிமெண்டுத் தரை அவருக்குக் கீழே மெல்ல ஏறி, மெல்ல இறங்கியிருக்கிறது. ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு உள்ளங்கையையும் தரையில் ஊன்றிக்கொண்டு, அது நிற்கும்வரை அப்படியே இருந்தாராம்.