ஒன்பது பெரிசா, இருபத்திரண்டு பெரிசா?

"...ஒன்பது பெரிசோ இருபத்திரண்டு பெரிசோ எண்டு, போயும் போயும் ஒரு நேர்ஸிட்டயே கேக்கிறியள்?"

வதனி அக்கா இப்படிக் கேட்டதும், ரவி அண்ணன் தேநீரில் தோய்த்துப் பிடித்திருந்த ரஸ்க் பாதியாக ஒடிந்து கோப்பைக்குள் விழுந்தது. நான் என் கோப்பைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். பின்னே? அந்தக் கேள்விக்குத் துணை போனதில் எனக்கும் ஒரு பங்கு உண்டே!

கொஞ்சம் முன்னாலிருந்து சொன்னால்தான் என் பங்கு எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியும்.

ரவி அண்ணன், நாங்கள் கடல் தாண்டி வந்து குடியேறிய வெஸ்ட்மீட்டில் எனக்குப் பக்கத்துத் தெரு. லேத், மில்லிங் மெஷின் என்று முப்பது வருடமாக இரும்போடு பேசிக்கொண்டிருப்பவர். சொந்த ஊர் யாழ்ப்பாணத்துப் பக்கம். ஆனால் பதினெட்டு வயதிலேயே அங்கிருந்து கிளம்பிவிட்டார். அவர் மனைவி வதனி அக்கா அப்படி இல்லை. இருபத்தாறு வயது வரை அங்கேயே இருந்து, சண்டைக் காலத்துச் சத்தம் எல்லாவற்றையும் காதால் கேட்டுவிட்டு வந்தவர். இங்கே ஆஸ்பத்திரியில் சீனியர் நர்ஸ்.

பட்டறை நண்பர் ஒருவர் ரவி அண்ணனை ஒரு நாள் பிஸ்டல் கிளப்புக்கு அழைத்துப் போனார். வந்தது வினை.

"தம்பி, ஒரு ஸ்க்ரூ டிரைவர் தேவையில்ல. கையாலயே கழட்டிப் பூட்டலாம். நூறு வருசத்துக்கு முந்தி ஒருத்தன் யோசிச்ச சாமான்... இண்டைக்கும் அதில கை வைக்க ஒரு இடமில்ல!"

அவர் சொன்னது அந்தப் பழைய கால ராணுவக் கைத்துப்பாக்கியை. படங்களில் பார்த்திருப்பீர்கள் — அதிகாரியின் இடுப்பில் கனமாகத் தொங்கும். சுடும்போது மேல்பாகம் 'சடக்'கென்று பின்னால் போய் முன்னால் வரும். அடுத்த குண்டு தானாகவே ஏறிக்கொள்ளும். அவருக்கு அதில் தெரிந்தது துப்பாக்கி இல்லை. மெஷின்.

அவர்கள் ஊரில் துப்பாக்கியைத் 'துவக்கு' என்பார்கள். எங்கள் ஊரில் துவக்கு என்றால் 'ஆரம்பி' என்று பொருள். ரவி அண்ணன் வீட்டில் 'துவக்கு' என்று சொன்னார்... துவங்கியது.

வீட்டில் மட்டுமா? கோயில் சாப்பாட்டு வரிசையில் ஒரு பெரியவர் மடக்கினார். "என்ன ரவி, துவக்குக்குப் பயந்து ஓடி வந்த சனம் நாங்கள். நீ இங்க வந்து காசு குடுத்து வாங்கப் போறியாம்?"

ரவி அண்ணன் தட்டை நீட்டியபடியே சொன்னார்: "அண்ணை, செக்பொயிண்டுக்குப் பயந்து ஓடி வந்தனீங்கள்தானே நீங்களும்? இங்க ரோட்டுக்கு ரோடு டோல் கட்டேல்லையோ?"

ஊர் வாயை அடைத்துவிடலாம். வீட்டில்?

வதனி அக்கா ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். "அங்க போய் என்னத்தையும் சுடுங்கோ. வீட்டுக்கு ஒண்டு கொண்டு வாறதெண்டா, இருக்கிறதுக்குள்ள ஆகச் சின்னன்தான்." அண்ணனும் சரியென்று தலையாட்டிவிட்டார். வகுப்பு, போலீஸ் விசாரணை, மாதக்கணக்கில் காத்திருப்பு என்று ஒரு வருடத்துக்கும் மேல் ஓடியது. இப்போது சொந்தமாக ஒன்று வாங்கலாம் என்ற நிலை.

இங்கேதான் சிக்கல். அந்தத் துப்பாக்கி மூன்று குண்டு அளவுகளில் கிடைக்கும். ஆதியில் பிறந்தது நாற்பத்தைந்து. ஆனால் அவர் ஆடும் போட்டிகளில் அந்த அளவுக்கு இடமில்லை என்று கிளப்பில் கைவிரித்துவிட்டார்கள். இரண்டு நாள் மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. மிச்சம் இருந்தவை ஒன்பதும், இருபத்திரண்டும். இரண்டில் எது என்று சனிக்கிழமைக்குள் கடைக்காரருக்குச் சொல்லவேண்டும்.

இருபத்திரண்டு பொடிசு. குண்டு மலிவு, கையை உதைக்காது, புதிதாகப் பழகுகிறவர்களுக்குத் தோது. ஆனால் ரவி அண்ணனுக்கு அதைக் கண்டாலே ஆகாது. "லொறிக்குள்ள மொபெட் எஞ்சின் பூட்டின மாதிரித் தம்பி." அவர் மனசு முழுக்க ஒன்பதில்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் காரில் வைத்துத் திட்டத்தைச் சொன்னார். "நான் பொய் சொல்லப் போறேல்ல. ஒன்பது இருக்கு, இருபத்திரண்டு இருக்கு, எது பெரிசு, எது வேணும் எண்டு அவவையே கேப்பன். அவ தானா ஒன்பது எண்டுவா. சின்ன நம்பரெல்லோ!"

"அண்ணே... இது பொய்க்குப் பக்கத்து வீடு மாதிரி இல்ல?"

"பக்கத்து வீடுதான். ஆனா நடுவில வேலி இருக்கு."

எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை, பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டுவது. தேநீரும் ரஸ்கும் கூலி. ஒத்துக்கொண்டேன்.

பிறகு நடந்ததுதான் தெரியுமே. ரஸ்க் கோப்பைக்குள் விழுந்தது.

"எங்கட வோர்ட்டில பதினாலு எண்டா ஆகப் பெரிய ஊசி. அடிபட்டு வாறவைக்கு. பதினெட்டு அதைவிடச் சின்னன். இருபத்திரண்டு, நரம்பு பிடிபடாத கிழடுகளுக்கு. நம்பர் கூடக் கூட ஊசி மெல்லிசு. ஆரும் எனக்கு வெறும் நம்பரைச் சொன்னா, நான் முதல் கேக்கிறது 'என்ன அளவில?' எண்டுதான்." அக்கா கையைக் கட்டிக்கொண்டார். "சொல்லுங்கோ. ஒன்பது என்ன அளவில?"

"...மில்லிமீட்டர்."

"மற்றது?"

"ஒரு அங்குலத்தை நூறாப் பிரிச்சா... அதில இருபத்திரண்டு பங்கு."

ஒரு நொடிகூட இல்லை. ஆயுள் முழுக்க மருந்து அளவு கணக்குப் போட்டவர் அல்லவா? "அஞ்சரை மில்லிமீட்டர். அப்ப ஒன்பதுதான் பெரிசு." என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீரும் இதுக்கு உடந்தையோ?"

"இல்லக்கா... நான் சும்மா டீ குடிக்க வந்தேன்."

யோசித்துப் பாருங்கள். வீட்டில் நாம் சொல்லும் பொய்களில் முக்கால்வாசி, அளவு சொல்லாத நம்பர்கள்தானே? 'அஞ்சு நிமிஷத்தில் வந்துடறேன்' — யாருடைய கடிகாரத்தில்? 'பாதி விலைக்கு வாங்கினேன்' — எதில் பாதி? சொல்கிறவரும் தொடர்ந்து சொல்கிறார், கேட்கிறவரும் கேட்டுக்கொள்கிறார். வண்டி ஓடுகிறது. நர்ஸ் வீட்டில்தான் ஓடாது போலிருக்கிறது.

அக்கா கோப்பைகளை எடுத்துக் கழுவத் தொடங்கினார். முதுகைக் காட்டியபடியே சொன்னார்: "வாங்கிறதில எனக்குக் கோவமில்ல. இத்தனை வருசத்துக்குப் பிறகு என்னைப் பேக்காட்டப் பாத்தியளே, அதுதான்."

பேக்காட்டுவது என்றால் ஏமாற்றுவது. அந்தச் சொல்லுக்கு ரவி அண்ணன் சுருங்கிப்போனார். கிளப்பையே விட்டுவிடுகிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தார். அக்கா விடவில்லை.

"சனிக்கிழமை நானும் வாறன். ரெண்டையும் சுடுங்கோ. கேட்டிட்டுச் சொல்லுறன்."

பார்த்துவிட்டு இல்லை. கேட்டுவிட்டு. அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

சனிக்கிழமை நான்தான் கார் ஓட்டினேன். ஊரைத் தாண்டி யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவே கிளப். ஒரு தகரக் கொட்டகை, எதிரே வரிசையாக இலக்கு அட்டைகள், அதற்குப் பின்னால் உயரமான மண்மேடு. அங்கே பாதுகாப்பு அதிகாரி டெப் என்ற வெள்ளைக்காரப் பெண்மணி. எழுபதைத் தாண்டியவர். சுடும் கோட்டில் நிற்கிற யாரும் அவர் சொல்லாமல் மூச்சுகூட விடமாட்டார்கள். எங்கள் காதுகளுக்குப் பெரிய மஃப்களை மாட்டிவிட்டு, எங்களைப் பின்னால் நிற்கச் சொன்னார்.

கிளப் துப்பாக்கிகள் இரண்டு இருந்தன. முதலில் இருபத்திரண்டு. ரவி அண்ணன் குறி பார்த்தார்.

டப்... டப்...

மஃப் வழியாகக் கேட்டபோது, பக்கத்து வீட்டுக் கதவை யாரோ தட்டுவது போலத்தான் இருந்தது. இதற்கா இத்தனை அமர்க்களம் என்று நான் நினைத்த நேரம், மூன்றாவது 'டப்' விழுந்தது. பக்கத்தில் வதனி அக்கா இல்லை. விறுவிறுவென்று கொட்டகையை விட்டு வெளியே போய்க்கொண்டிருந்தார்.

ரவி அண்ணன் திரும்பிப் பார்த்துவிட்டார். ஆனால் ஓடமுடியாது! அதுதான் அங்கே விதி. குண்டு அடுக்கிய மேகஸினைக் கழற்றவேண்டும். மேல்பாகத்தைப் பின்னால் இழுத்து, உள்ளே ஒன்றும் இல்லை என்று டெப்புக்குக் காட்டவேண்டும். கீழே வைக்கவேண்டும். அவர் தலையசைக்கும்வரை நிற்கவேண்டும். தலைமுடி கனத்துக்கு இரும்பு சீவுகிற கை அது. அன்றைக்கு மேகஸின் பொத்தானை இரண்டு தடவை தவறவிட்டது.

அக்கா கார் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அழவில்லை. கைப்பையைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"பெரிய சத்தம் கேட்டா எல்லாரும் பங்கர்க் குழிக்குள்ள பாய்ஞ்சிடுவம்," என்றார். "அது எங்களுக்குத்தான் எண்டு தெரியும். இப்பிடித் தூரத்தில, சின்னனா, ரெண்டு தரம் டப் டப் எண்டு கேட்டா... ஆருக்கெண்டு தெரியாது. விடிஞ்சாப் பிறகுதான் தெரியும்."

கைப்பையை இன்னொரு முறை மூடினார். அவரே தொடர்ந்தார்.

"ஆகச் சின்னனா எடுங்கோ எண்டு ஒரு வருசமா நான்தானே சொன்னனான். பிழையாச் சொல்லியிருக்கிறன்."

"ஒண்டும் வேண்டாம் வதனி," என்றார் அண்ணன். "ஒன்பதும் வேண்டாம், இருபத்திரண்டும் வேண்டாம். நட வீட்ட போவம். நான் மீன் பிடிக்கப் போறன்."

அக்கா அவரை மேலும் கீழுமாகப் பார்த்தார். "நீங்கள் மீன் பிடிச்சா நானெல்லோ கழுவோணும்? விசர்க்கதை கதையாமல் வாங்கோ. மற்றதையும் கேப்பம்."

திரும்பவும் மஃப். திரும்பவும் டெப்பின் கட்டளை. ரவி அண்ணன் ஒன்பதைக் கையில் எடுத்தபோது நான் அக்காவை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

டமார்!

நெஞ்சுக்கூட்டுக்குள் யாரோ குத்தியது போல் இருந்தது. குண்டு மண்மேட்டுக்குப் போனது. அதன் காலிக் கூடு — பித்தளை, சுடச்சுட — ஒரு பல்டி அடித்து, நேராக என் சட்டைக் காலருக்குள் இறங்கியது. நான் ஆடிய ஆட்டத்தை இங்கே வர்ணிக்கப்போவதில்லை. இந்தப் பத்தியைக் குடும்பத்தோடு படிக்கிறவர்கள் இருக்கிறீர்கள். சட்டையை உதறி நிமிர்ந்தால்... வதனி அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். மிச்ச நாலு குண்டும் சிரிப்பினூடேயே போய்விட்டன.

டெப் சைகை காட்டியபின் மஃபைக் கழற்றினார் அக்கா. "இஞ்சாருங்கோ, இது துவக்குச் சத்தமே இல்ல. நீங்கள் கராஜுக்குள்ள இரும்புச் சாமானைப் போட்டு உடைக்கிற சத்தம். கலியாணம் கட்டின நாளில இருந்து கேக்கிறன்!"

"அப்ப...?"

"அப்ப என்ன? ஒன்பதையே எடுங்கோ."

எது சின்னது, எது பெரியது? மில்லிமீட்டரும் அங்குலமும் வைத்து அளந்துவிடலாம் என்றுதான் நாங்கள் இரண்டு ஆண்பிள்ளைகளும் ஒரு வாரமாக நினைத்துக்கொண்டிருந்தோம். அவரவர் காதுக்குள் ஒரு அளவுகோல் இருக்கிறது. அதைக் கடையில் விற்பதில்லை.

கதை இங்கே சுபமாக முடிந்திருக்கவேண்டும். கிளப் அறையில் காபி குடிக்கும்போது டெப் பேச்சுவாக்கில், வீட்டில் வைக்கவேண்டிய பெட்டியைப் பற்றிச் சொன்னார். இரும்புப் பெட்டி, சுவரோடு போல்ட் போட்டு இறுக்கவேண்டும், குண்டுகளுக்குத் தனிப் பூட்டு.

"நல்லது," என்றார் வதனி அக்கா. "திறப்பு என்னட்ட இருக்கும்." அதையே ஆங்கிலத்திலும் சொன்னார். சாவி என்னிடம் இருக்கும்.

டெப் தலையை ஆட்டினார். முடியாதாம். சாவி லைசென்ஸ் உள்ளவரிடம்தான் இருக்கவேண்டும். லைசென்ஸ் இல்லாதவருக்கு, மனைவியே ஆனாலும், அது இருக்கும் இடம்கூடத் தெரியக்கூடாது. சட்டம்.

ரவி அண்ணன் முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாக ஒரு வெளிச்சம். இந்த நாட்டுக்கு வந்து இத்தனை வருடத்தில் அரசாங்கம் அவர் பக்கம் நின்றது இதுவே முதல் முறை. பாவம், அதை அவரால் மறைக்க முடியவில்லை.

"என்ர வீடு. என்ர சுவர். அதில பூட்டின பெட்டியைத் திறக்க எனக்கு உரிமையில்லையோ?" என்றார் அக்கா.

"சட்டம் அப்பிடித்தானப்பா," என்றார் அண்ணன். குரலில் தேன்.

அக்கா அவரைப் பார்க்கவே இல்லை. டெப்பிடம் திரும்பி, "எனக்கும் லைசென்ஸ் இருந்தால்?" என்று கேட்டார்.

"இருந்தால் தாராளமாக."

வதனி அக்கா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். டெப்பின் சட்டைப் பையில் இருந்த பேனாவைத் தானே உருவி, மேசையில் இருந்த புது உறுப்பினர் படிவத்தைத் தன் பக்கம் இழுத்து, கொட்டை எழுத்தில் பெயரை எழுதத் தொடங்கினார்.