பட்டியல் விற்றவன் மீது ஒரு புகார்

நியூ டவுனில் எனக்குக் கிடைத்த முதல் வேலை கணினி உதவி மையத்தில் என்றுதான் நினைத்திருந்தேன். எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். டாலிகஞ்சில் இட்லிக் கடை வைத்திருக்கும் அப்பா, "பையன் ஆஸ்திரேலியாக்காரனுக்குக் கம்ப்யூட்டர் பாக்கான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டே சட்னி ஊற்றுவார்.

அங்கே ஐந்து நிமிடம் தாமதமானாலும் எச்சரிக்கைக் கடிதம் உண்டு. எங்களுக்குத் தரும் பெயர்ப் பட்டியலில் உள்ள முதியவர்களை அழைத்து, உங்கள் கணினியில் வைரஸ் இருக்கிறது, நீக்கப் பணம் கட்டுங்கள் என்போம். நமக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்டதில்லை. பயிற்சியில் அந்தப் பாடம் இல்லை.

மூன்றாம் வாரம் டீம் லீடர் கூப்பிட்டார். வங்காளிகள் அக்காவைக் கூப்பிடுவதுபோல் அவரை எல்லோரும் தீதி என்போம்.

"உன் இங்கிலீஷ்ல தப்பே இருக்காதாமே. லிஸ்ட் வித்தவனுக்கு ஒரு கம்ப்ளெயின்ட் எழுது. பாதிப் பேரு ஏற்கெனவே வேற டீம்கிட்ட ஏமாந்தவங்க. புதுசுன்னு சொல்லி நம்ம தலையில கட்டிட்டான்."

"ஏமாந்தவங்கன்னா, தீதி?"

"ஏமாந்தவங்கதான். நேர்மை இல்லாம எப்படித் தொழில் பண்றது, சொல்லு."

அப்போதுதான் விளங்கியது. பட்டியல் விற்க ஒருவன், பேச நாங்கள், பணம் வந்து விழ வங்கிக் கணக்குகளை வாடகைக்கு விடுபவர்கள் வேறு. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. ஆனாலும் அவரவர் பங்கு நாள் தவறாமல் போய்ச் சேர்ந்துவிடும். விளங்கிய பிறகும் எழுதினேன், பத்தி பிரித்து, பணிவாக. ஒரு மணி நேரத்தில் மன்னிப்பும் புதிய பட்டியலும் வந்தன. ரேஷன் கார்டில் என் பெயரைத் திருத்தக் கொடுத்த மனுவுக்கு இன்றுவரை பதில் இல்லை.

மறுநாள் முறைப்படி ஒரு மாத நோட்டீஸுடன் ராஜினாமாக் கடிதம் கொடுத்தேன். தீதி அதை இரண்டு முறை படித்தார்.

"இங்க வேலைய விடுறவங்க வராம நின்னுடுவாங்க, அவ்வளவுதான். நீயும் நாளைக்கு வராதே."

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்தார்.

"லிஸ்ட் மோசம்னு எழுதிக் குடுத்த. அதுல இருக்க கெழவன் கெழவிக்கு யாருல எழுதுவா?"

"போலீஸுக்குப் போனா என் பேரும் வரும்ப்பா. அப்புறம் எவன் வேலை குடுப்பான்?"

"வரட்டும். கடைக்கு வாறவன்ட்ட நான் சொல்லிக்கிடுதேன்."

சைபர் காவல் நிலையத்தில் ஒரு படிவம் தந்தார்கள். சம்பந்தப்பட்டவர்களின் பெயர்கள் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். அதற்குக் கீழே எழுத வேறு யாருடைய உண்மைப் பெயரும் எனக்குத் தெரியவில்லை.