வெள்ளத்துரை வானத்திலிருந்து போட்ட பூ

தூத்துக்குடியில் உப்பளம் வைத்திருக்கிறவர்கள் வானத்தைப் பார்ப்பது மழை வருமா என்று தெரிந்துகொள்ளத்தான். அங்கேயே போய்ப் பார்க்க ஆசைப்பட்டவர் வெள்ளத்துரை ஒருவர்தான். அளத்துக்குப் பம்பு மோட்டார் வாங்கக் கோயம்புத்தூர் போனவர், ஃப்ளையிங் கிளப்பின் குட்டி விமானம் எழும்புவதைப் பார்த்தார். மோட்டாரை மறந்துவிட்டு, கிளப்பில் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தார். அப்போது அவருக்கு நாற்பத்திரண்டு வயது, தொப்பையும் உண்டு.

இரண்டு வருஷம், மாதத்தில் பத்து நாள் கோயம்புத்தூர் வாசம். அளத்தை மனைவி சண்முகவடிவு பார்த்துக்கொண்டாள். அண்ணாச்சி அங்கே சின்ன வீடு வைத்திருக்கிறார் என்று ஊர் பேசியது. அவர் விமானம் ஓட்டியதைப் பார்த்தவர் ஒருவர்கூட ஊரில் இல்லையே! சண்முகவடிவு எதுவும் கேட்கவில்லை. அவள் கேட்காததுதான் அவரை அரித்தது. ஒரே ஒரு தடவை அவள் கண்ணால் பார்த்துவிட்டால் போதும் என்று தவித்தார்.

எழுபத்து நாலு ஐப்பசியில் வாய்ப்பு வந்தது. லைசென்ஸுக்குத் தனியாக நெடுந்தூரம் பறந்து காட்ட வேண்டும். மதுரையிலிருந்து கிளம்பி, தூத்துக்குடிக் கடற்கரையைச் சுற்றித் திரும்ப வேண்டும். முதல் ஞாயிறு காலை பத்து மணிக்கு அளத்தில் நில், மேலேயிருந்து மதுரை மல்லிகை போடுவேன் என்று மனைவிக்குக் கடுதாசி எழுதினார். மேலேயிருந்து பார்த்தால் எல்லா அளமும் ஒரே கட்டம் கட்டமாகத்தான் தெரியும். அளத்தில் மலையாகக் குவித்திருக்கும் தன் உப்பு அம்பாரத்தின் வெள்ளையைத்தான் அவர் அடையாளமாக நம்பியிருந்தார். அதையெல்லாம் பொம்பளைக்கு எதற்கு என்று எழுதவில்லை. ஆனால் வருஷா வருஷம் சொல்கிற ஒன்றைக் கை தானாகக் கடைசியில் எழுதிவிட்டது: மழைக்கு முன்னால் அம்பாரத்தைப் பனையோலை போட்டு மூடிவிடு, ஒரு மணி உப்பு வெளியே தெரியக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை கடலோரத்தில் எங்கு பார்த்தாலும் ஓலை நிறம். ஒரே ஒரு அம்பாரம் மட்டும் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது, பக்கத்தில் ஆட்களும் நின்றார்கள். வெள்ளத்துரை தாழ இறங்கி, இறக்கையை இப்படியும் அப்படியும் ஆட்டிவிட்டுப் பூப்பொட்டலத்தைப் போட்டார். குறி தப்பவில்லை. சந்தோஷத்தில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

மூன்றாம் நாள் சாயங்காலம் பஸ்ஸில் வந்து இறங்கியபோது மழை பிடித்துக்கொண்டிருந்தது. தலையைத் துவட்டும் முன்பே கேட்டார்.

"ஏளா, பூ எப்படி இருந்துச்சு?"

"நல்ல மணம்னு வேப்பலோடை ஆறுமுகநயினார் அண்ணாச்சி சொன்னாவ."

ஆறுமுகநயினாரின் அளம் தருவைகுளத்தில் இருந்த இவருடைய அளத்துக்கு வடக்கே ஐந்து மைல். எந்த வேலையையும் நாளைக்கு என்று தள்ளிப்போடுகிற மனுஷன். மழை தலையில் விழுந்த பிறகுதான் ஓலையைத் தேடுவார். சண்முகவடிவோ புதுச்சேலை கட்டி, அளத்துப் பெண்கள் இருபது பேரைக் கூட்டிக்கொண்டு, அக்கறையாக மூடிய அம்பாரத்தின் பக்கத்தில் மத்தியானம் வரை நின்றிருக்கிறாள். வடக்கே கொக்கு அளவில் ஏதோ ஒன்று வட்டமடித்துவிட்டுப் போயிருக்கிறது. அது அவர்தான் என்று யாருக்குத் தெரியும்?

உன்னை யார் மூடச் சொன்னது என்று வெள்ளத்துரை கத்தினார். சண்முகவடிவு உள்ளே போய்க் கடுதாசியை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தாள். வெளியே மழை வெளுத்து வாங்கியது.

"நீங்க எழுதினபடி ஒரு மணி உப்பு வெளிய தெரியலல்லா?"

லைசென்ஸ் பிறகு தபாலில் வந்தது, கண்ணாடி போட்டு ஆபீசில் மாட்டினார். அவர் பறந்ததை யாராவது சந்தேகப்பட்டால், சாட்சிக்கு, அந்த மழையில் பாதி உப்பைக் கரையவிட்ட ஆறுமுகநயினாரைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. அவரும் எந்த வேலையையும் போட்டுவிட்டு வந்து, பூ போட்டது நிஜம்தான் என்று சொல்லிவிட்டுப் போவார். இந்த ஒன்றை மட்டும் அவர் நாளைக்கு என்று தள்ளிப்போட்டதே இல்லை.