அந்த அறையில் ஒரே ஓர் ஓட்டு

உயர்நிலைப் பள்ளி நான்காம் ஆண்டோடு படிப்பை நிறுத்தியவள் நான். தேர்தலைப் பற்றி எழுத உனக்கு என்ன தெரியும் என்று கேட்காமல் பொறுத்துக்கொள்ளுங்கள். வாய்விட்டுச் சொல்ல முடியாததால் எழுதுகிறேன்.

புக்கிட் பாத்தோக்கில் எனக்கு எதிர்வீடு சீனர், மேல்வீடு மலாய்க்காரர். அரசாங்க விதிப்படி எந்த இனத்தவரும் ஓர் அளவுக்கு மேல் ஒரே அடுக்குமாடி புளோக்கில் சேர முடியாது. ஓட்டுப் போட்டால் எல்லோருடையதோடும் கலந்துவிடும். தமிழர்கள் யாருக்குப் போட்டார்கள் என்று எவராலும் பிரித்துச் சொல்ல முடியாது. எல்லா ஊரிலும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

என் தங்கை கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம், அடுத்த நாட்டு ஜொகூரில் ஓர் எஸ்டேட்டில் வாழ்க்கைப்பட்டவள். அங்கே அத்தனை பேரும் நம்மவர்கள். கோயில் நிலத்துக்குப் பட்டா வாங்கித் தருவதாகச் சொன்ன கட்சிக்கே போட வேண்டும் என்று, கோயில் தலைவர் எல்லோரையும் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்ய வைத்தார். தங்கைக்கு மனமில்லை. போன தேர்தலிலும் இதே பட்டாவைத்தான் சொன்னார்களாம்.

தேக்கா சந்தையில் நான் வேலை செய்யும் காய்கறிக் கடையில் காய் நிறுத்துக்கொண்டே போனில் சொன்னேன்: "உனக்குப் பிடிச்சவங்களுக்குப் போடு லா. யாருக்குத் தெரியப் போவுது?"

தெரிந்துவிட்டது. எஸ்டேட் ஆட்களுக்கு ஓட்டுப் போட ஒரே அறை. அந்த அறையின் ஓட்டுகளை அங்கேயே எண்ணுவார்கள். எல்லாம் ஒரு கட்சிக்கு; ஒன்று மட்டும் வேறு.

ஓட்டு எண்ணிய மூன்றாம் நாள் தங்கை அழைத்தாள்.

"அக்கா, பக்கத்து வீட்டம்மாதான்னு சொல்றாங்க. புருஷன் இல்லாதவங்க. மவன் கோலாலம்பூர்ல மத்தக் கட்சிக் கொடியத் தூக்குறானாம்."

"அவங்க என்ன சொல்றாங்க?"

"நான் சத்தியம் மீறலன்னு வாசல்ல நின்னு அழுவுறாங்க. எங்க வீட்டுக்காரரு வேற சிரிக்கிறாரு, 'அந்த வீராங்கனைக்கு மால போடணும்'னு. எனக்குச் சோறு எறங்கலக்கா."

அன்று மாலை கோயிலில் கூட்டம் என்றாள். திருவிழாவின் மூன்றாம் நாள் உபயம், கணவர் காலத்திலிருந்தே அந்த அம்மாளுடையது. கூட்டத்தில் அதைப் பறிக்கப் போவதாகப் பேச்சாம்.

"நான்தான்னு சொல்லிடட்டுமா?"

அவள் மாமியாரை நினைத்தேன், பிள்ளைகளை நினைத்தேன். எதிரே ஒருவர் பாகற்காயை நீட்டியபடி காத்திருந்தார்.

"வாயத் தொறக்காத" என்றேன்.

இப்போது லிஃப்டில் அண்டை வீட்டாரோடு நிற்கும்போதெல்லாம், நான் பார்த்தேயிராத அந்த அம்மாளும் மூலையில் நிற்பதுபோல் இருக்கிறது. யாருமே என்னிடம் எதுவும் கேட்பதில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

கூட்டத்துக்கு மறுநாள் தங்கையிடமிருந்து செய்தி வந்தது. மூன்றாம் நாள் உபயத்தை வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். படித்துவிட்டு வேலைக்குப் போனேன்.